ஹார்மோன் மாத்திரை: யாருக்கு, எப்போது, எந்த வாரம் வரை

இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்ணின் பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்தால், தாள்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் இருக்கும். நாள் தள்ளிப்போன வாரத்துச் சிறுநீர்ப் பரிசோதனை, முதல் ஸ்கேன், ‘துடிப்பு இல்லை’ என்று எழுதிய இரண்டாவது ஸ்கேன், சுத்தம் செய்து அனுப்பிய டிஸ்சார்ஜ் சீட்டு. நடுநடுவே மருந்துச் சீட்டுகள். வாயில் போடும் ஹார்மோன் மாத்திரை, உள்ளே வைக்கும் மாத்திரை, வாரம் ஒரு ஹார்மோன் ஊசி, சில ஃபைல்களில் மூன்றும் சேர்ந்தே. எதற்காகத் தொடங்கினார்கள், எந்த வாரத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதிய சீட்டு மட்டும் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

எழுதாமல் விட்ட அந்த இரண்டு வரிகளைப் பற்றியது இந்த அத்தியாயம். ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை இருக்கும் பெண்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பிரசவத்துக்கு இங்கே பலரும் போவது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்கு. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு மகப்பேறு மருத்துவமனை அது. தெருமுனை கிளினிக்கிலும் தனியார் ஆஸ்பத்திரியிலும் காட்டிவிட்டு, கையில் காசு தீர்ந்த பிறகு அங்கே வருபவர்களும் உண்டு. எங்கே காட்டினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

முதலில் அளவு. 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின்படி, தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 15 கலைந்துவிடுகின்றன. இரண்டு முறை இழந்த பெண்கள் நூற்றில் ஏறக்குறைய இருவர். மூன்று முறை இழந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. எத்தனை இழப்புக்குப் பிறகு காரணம் தேடத் தொடங்குவது என்பதில் மருத்துவ அமைப்புகளே ஒத்துப்போகவில்லை. ஐரோப்பியச் சங்கம் இரண்டு என்கிறது, பிரிட்டன் மூன்று என்கிறது. என் யோசனை, இரண்டாவது இழப்பிலேயே கேட்டுவிடுங்கள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் மூன்றாவதுக்குக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

மாத்திரைக்குக் கிடைக்கும் பேர்

கருப்பையின் உள்சுவரைக் கரு தங்குவதற்கு ஏற்றபடி பக்குவப்படுத்தி, கருப்பை சுருங்காமல் அடக்கி வைக்கும் ஹார்மோன் புரோஜெஸ்டிரான். முட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் மிஞ்சும் மஞ்சள் நிறத் திசுதான் முதல் சில வாரங்கள் அதைச் சுரக்கிறது. ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். 1970-களில் அர்பாட் சாப்போ என்ற ஹங்கேரிய மருத்துவர் இதை நிரூபித்தார். ஏழு வாரத்துக்கு முன் அந்தத் திசுவை அகற்றினால் கரு கலைந்தது. ஒன்பது வாரத்துக்குப் பின் அகற்றினால் ஒன்றும் ஆகவில்லை.

இதிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவுவது எளிது: கரு கலைகிறது என்றால் புரோஜெஸ்டிரான் போதவில்லை, எனவே கொடுத்தால் தங்கும். பல பத்தாண்டுகள் மருத்துவம் அப்படித்தான் நினைத்தது. ஆனால் பல பெண்களிடம் நடப்பது தலைகீழ். கரு முதலில் நின்றுபோகிறது, அதனால் ஹார்மோன் இறங்குகிறது. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறு காரணம். அந்தக் கருவுக்கு எவ்வளவு ஹார்மோன் ஊற்றினாலும் வளராது. ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் அளவு பார்க்கும் பரிசோதனையும் பெரிதாக உதவாது. அந்த அளவு மணிக்கு மணி ஏறி இறங்கும். காலையில் குறைவாகத் தெரிந்தது மாலையில் சரியாக இருக்கலாம். ‘உனக்கு ஹார்மோன் கம்மி’ என்று ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சொன்னால் அதை முழுதாக நம்பிவிடாதீர்கள்.

கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? இதற்கான நேரான பதில் 2015-இல் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஆரி குமாரசாமி தலைமையில், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த ‘புரோமிஸ்’ சோதனை அது. காரணம் தெரியாமல் மூன்றோ அதற்கு மேலோ கரு இழந்த 836 பெண்கள். கர்ப்பம் உறுதியானதும் ஒரு பாதிப் பேருக்கு உள்ளே வைக்கும் 400 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான், தினம் இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம் வரை. மறு பாதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று பெண்ணுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து வைத்தவர்களில் நூற்றுக்கு 65.8 பேருக்குக் குழந்தை பிறந்தது. வெறும் மாத்திரை வைத்தவர்களில் 63.3. மருந்தால் என்று சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இந்த இரண்டாவது எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூன்று குழந்தைகளை வயிற்றிலேயே இழந்த பெண்கள், மருந்தே இல்லாமல், மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். நம் தெருவில் ‘அந்த டாக்டர் குடுத்த மாத்திரையிலதான் தங்குச்சு’ என்று ஒருத்தி சொல்வாள். அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரை போட்டாள், குழந்தை தங்கியது, இரண்டும் உண்மை. போடாவிட்டாலும் தங்கியிருக்குமா என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை, டாக்டருக்கும் இல்லை. அவளைக் கேட்டு அதே மாத்திரையைத் தேடி அலையும் அடுத்த பெண்ணுக்கு நான் சொல்வது, அவளுடைய மாத்திரை மேல் வைக்கும் நம்பிக்கையில் பாதியையாவது உங்கள் உடம்பின் மேல் வையுங்கள் என்பதுதான்.

ரத்தம் படுகிறதா, இல்லையா

இத்தோடு கதை முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலையில்லை. அதே குழு அடுத்து ‘பிரிஸம்’ என்ற சோதனையை நடத்தி 2019-இல் வெளியிட்டது. இந்த முறை எடுத்துக்கொண்டது, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரத்தம் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த பெண்களை. 48 பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் 4,153 பேர். மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்கு 75, வெறும் மாத்திரைக்கு 72. இதுவும் தீர்மானமான வித்தியாசம் இல்லை. ஆனால் பழைய இழப்புகளின் எண்ணிக்கைப்படி பிரித்தபோது படம் மாறியது. ரத்தமும் பட்டு, முன்பு மூன்றோ அதற்கு மேலோ கலைந்திருந்தவர்களில், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கும் பெறாதவர்களில் 57 பேருக்கும் குழந்தை பிறந்தது. ஒருமுறையாவது இழந்திருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்தால் 75-க்கு 70.

இதை வைத்துப் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 நவம்பரில் தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. அதில் மூன்று நிபந்தனைகள் ஒன்றாகச் சேர வேண்டும். கரு கருப்பைக்குள் இருக்கிறது என்று ஸ்கேன் உறுதி செய்திருக்க வேண்டும். ரத்தம் பட்டிருக்க வேண்டும். முன்பு ஒரு முறையாவது கலைந்திருக்க வேண்டும். அப்படியென்றால் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரான் 400 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. அடுத்த ஸ்கேனில் துடிப்பு தெரிந்தால் பதினாறு வாரம் முடியும்வரை. அதோடு நிறுத்தம்.

இதைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற நுணுக்கமெல்லாம் டாக்டர் பாடு. ரத்தமே படாத பெண் வெறும் பயத்துக்காக மாசக்கணக்கில் ஹார்மோன் போடுவதற்குப் பின்னால் வலுவான ஆதாரம் இல்லை. இரண்டு முறை இழந்து, இப்போது ஏழாவது வாரத்தில் தீட்டு போலப் பட்டவளுக்கு ஆதாரம் உண்டு. அவள் ‘நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று தள்ளக் கூடாது. அன்றே ஸ்கேன் எடுத்து அன்றே கேட்க வேண்டும். ஓ.பி.யில் வரிசை நகரும் வேகத்தில் நீளமாகப் பேச நேரம் கிடைக்காது. இப்படிச் சுருக்கமாகக் கேளுங்கள்: ‘மேடம், இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கலைஞ்சிருக்கு. இப்ப ரத்தம் படுது. உள்ள வைக்கிற ஹார்மோன் மாத்திரை எனக்கு வேணுமா? எந்த வாரம் வரைக்கும்னு சீட்டுல எழுதிடுங்க.’

ஸ்கேன் இல்லாமல் தொடங்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கரு குழாயில் தங்கியிருந்தாலும் நாள் தள்ளும், ரத்தம் படும். அதை ஹார்மோன் மாத்திரையால் நிறுத்தப் பார்த்து வீட்டில் இருந்தால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொன்று, நின்றுபோன கருவை வெளியே தள்ள உடம்பு முயலும்போது புரோஜெஸ்டிரான் அதைத் தள்ளிப்போடக்கூடும். மாத்திரை போடுகிறோம், ரத்தமும் நின்றுவிட்டது என்ற நிம்மதியில் மூன்று வாரம் கழித்து ஸ்கேனுக்குப் போய் உடைந்துபோகிறார்கள். தொடங்கிய பின்னும் ஒன்றிரண்டு வாரத்தில் துடிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

எந்த வடிவம், எப்படி வைப்பது

பெரிய சோதனைகள் இரண்டும் நடந்தது உள்ளே வைக்கும் நுண்துகள் புரோஜெஸ்டிரானில்தான். நம் கடைகளில் 100, 200, 300, 400 மில்லிகிராம் அளவுகளில் காப்ஸ்யூலாக வரும். வேறு வேறு கம்பெனிப் பெயர் இருக்கும். அட்டையில் மருந்தின் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள், பெயர் மாறினால் பதற வேண்டாம். அதே மருந்தை மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள். சில காப்ஸ்யூல்களில் நிலக்கடலை எண்ணெய் சேர்ப்பதால் கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தக்கட்டு, ஈரல் கோளாறு, மார்பகப் புற்றுநோய் எப்போதாவது இருந்திருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, படுத்துக்கொண்டு, விரல் போகிற தூரம் உள்ளே வையுங்கள். அரைமணி நேரம் படுத்தே இருந்தால் நல்லது. அதனால் ஒரு வேளையை இரவு தூங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்வது வசதி. பிறகு வெள்ளையாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கொஞ்சம் வழியும். மருந்து முழுக்க வெளியே வந்துவிட்டது என்று இன்னொன்றை வைக்கத் தேவையில்லை. பேட் ஒன்று வைத்துக்கொண்டால் போதும், ரத்தம் எவ்வளவு என்பதும் அதிலேயே தெரியும். ஒற்றை அறை வீட்டில், ஆறு பேர் நடுவில் படுத்துக்கொண்டு மாத்திரை வைப்பது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. அது முடியாது என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாய்வழி மாத்திரையும் இருக்கிறது. அதில் தூக்கமும் தலைசுற்றலும் அதிகம். போட்டுவிட்டு இரண்டு சக்கர வண்டி ஓட்டாதீர்கள்.

வாயில் போடும் இன்னொரு மருந்து டைட்ரோஜெஸ்டிரான். நம் ஊரில் மிக அதிகமாக எழுதப்படுவது இதுதான், உட்கொள்ளவும் எளிது. 2014-இல் டெல்லியில் திரும்பத் திரும்பக் கலைந்த பெண்களிடம் நடந்த சோதனையில் பயன் தெரிந்தது. 2021-இல் ஹாங்காங்கில் ரத்தம் பட்ட 406 பெண்களிடம் நடந்த சோதனையில் தெரியவில்லை. எனவே இதை வேண்டாம் என்றும் தள்ள முடியாது, கட்டாயம் என்றும் கேட்க முடியாது. உள்ளே வைப்பதையும் இதையும் சேர்த்துப் போட்டால் இரட்டிப்புப் பலன் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரட்டிப்புச் செலவு நிச்சயம்.

வார ஊசி பற்றித் தயங்காமல் சொல்லலாம். ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் காப்ரோயேட் என்ற அந்த எண்ணெய் ஊசிக்கு, குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கக் கொடுத்திருந்த அனுமதியை அமெரிக்கா 2023 ஏப்ரலில் விலக்கிக்கொண்டது. பலன் நிரூபணமாகவில்லை என்பது காரணம். ஐரோப்பிய மருந்து முகமையின் குழு 2024-இல் அதன் விற்பனையையே நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. உங்களுக்கு அந்த ஊசி எழுதினால் ‘இது எதுக்கு மேடம், உள்ள வைக்கிற மாத்திரை போதாதா?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எச்.சி.ஜி. ஊசிக்கும் போதுமான ஆதாரம் இல்லை.

இத்தனை கறாராகப் பேசுவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1940-களில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன், கரு கலையாமல் காக்கும் மருந்தாக அமெரிக்காவில் பிரபலமானது. 1953-இல் சிகாகோ மகப்பேறு மருத்துவமனையில் டீக்மன் குழுவினர் சுமார் 1,600 பெண்களிடம் சோதித்து, எந்தப் பயனும் இல்லை என்று அறிவித்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘கொடுத்தால் என்ன நஷ்டம்’ என்று இன்னும் பதினெட்டு வருடம் எழுதினார்கள். 1971-இல் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், இளம்பெண்களுக்கு வழக்கமாக வராத ஒரு பிறப்புறுப்புப் புற்றுநோயோடு வந்த எட்டுப் பேரை ஆராய்ந்தார். அதில் ஏழு பேரின் தாய்மார் கர்ப்பத்தில் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள். புரோஜெஸ்டிரான் அந்த மருந்து இல்லை, அதற்கு அந்தக் கெட்ட பெயரும் இல்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘போட்டு வைப்போம், தப்பில்லை’ என்ற வாக்கியம் கேட்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதற்காகச் சொல்கிறேன்.

தைராய்டு, சர்க்கரை, மற்றவை

ஹார்மோன் சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் புரோஜெஸ்டிரான்தான் ஞாபகம் வருகிறது. தைராய்டு குறைவுக்கும் சர்க்கரைக்கும் அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. இரண்டையும் கண்டுபிடிப்பது சுலபம், மருந்தும் உண்டு. அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வராமல் கருத்தரித்தால் கலைவதோடு பிள்ளைக்குப் பிறவிக் குறையும் வரலாம்.

தைராய்டு சுரப்பு உண்மையிலேயே குறைவாக இருந்தால் மாத்திரை அவசியம். கர்ப்பம் உறுதியான உடனே அளவைக் கூட்ட வேண்டிவரும். முதல் செக்கப் வரை காத்திருக்காமல் அந்த வாரமே போய்க் கேளுங்கள். டி.எஸ்.எச். சரியாக இருந்து, எதிர்ப்புப் பொருள் மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் கதை வேறு. 2019-இல் ‘டேப்லெட்’ என்ற பிரிட்டிஷ் சோதனையில் அப்படிப்பட்ட 952 பெண்களில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பிள்ளைப்பேறு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு. டீ அரைமணி நேரம் கழித்து. காசிமேட்டு ஏலத்துக்கு விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் எழுந்த கையோடு மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் வழியில் டீ குடிக்கும்போது நேரம் சரியாக இருக்கும். சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் அதோடு சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ‘மாத்திரை ஒழுங்காதான் போடறேன், அளவு இறங்கவே மாட்டேங்குது’ என்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

புரோலாக்டின் அதிகம் என்று வந்தால் ஒரே ரிப்போர்ட்டில் முடிவு செய்யாதீர்கள். ஊசிக்குப் பயந்தாலே, தூக்கம் கெட்டாலே அது ஏறும். நிதானமாக உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். நீர்க்கட்டிக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் கரு கலைவதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஹார்மோனுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் இருக்கின்றன, அவற்றைத் தேடாமல் ஹார்மோனோடு நின்றுவிடுவதுதான் நான் பார்க்கும் பெரிய இழப்பு. ரத்தம் உறையும் எதிர்ப்பொருள் கோளாறு ஒன்று உண்டு. அதற்கான ரத்தப் பரிசோதனையைப் பன்னிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை செய்து உறுதிப்படுத்த வேண்டும். இருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் உதவும், புரோஜெஸ்டிரான் அதைச் சரிசெய்யாது. கருப்பையில் நடுச்சுவர் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கலாம். மறுபடி கலைந்து சுத்தம் செய்யும் நிலை வந்தால், திசுவைக் குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று செய்வதற்கு முன்பே கேளுங்கள். அதற்குத் திசுவைச் சலைனில் வைக்க வேண்டும், ஃபார்மலினில் போட்டுவிட்டால் அந்தப் பரிசோதனை செய்ய முடியாமல் போய்விடும். குரோமோசோம் கோளாறு என்று வந்தால் துக்கம் குறையாது. ஆனால் ‘பப்பாளி சாப்ட்டியா, மாடிப்படி ஏறினியா’ என்ற விசாரணை அன்றோடு முடியும். அத்தைமார்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

காற்று, சூடு, வேலை

வடசென்னையில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. 2023 டிசம்பரில் மட்டும் இரண்டு சம்பவங்கள். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ‘இந்தக் காத்துலதான் எனக்குத் தங்கல’ என்று ஒரு பெண் நினைத்தால் அதைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2021-இல் வெளியான தெற்காசிய ஆய்வு ஒன்று, இந்தியாவின் வரம்பான 40 மைக்ரோகிராமைத் தாண்டிய நுண்துகள் காற்றுக்கும், இந்தப் பகுதியின் கர்ப்ப இழப்புகளில் நூற்றுக்கு ஏழுக்கும் தொடர்பு கண்டது. அதே சமயம், உங்கள் ஒருத்தியின் இழப்புக்குக் காற்றுதான் காரணமா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஹார்மோன் மாத்திரை காற்றுக்குக் கவசமும் ஆகாது. கசிவு நடந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர்ந்து வெளியேறுவதும், ஈரத்துணியால் மூக்கை மூடுவதும், மறுநாளே செக்கப்புக்குப் போவதும்தான் செய்யக்கூடியவை. ஈயம், பெயின்ட், பேட்டரி வேலை செய்யும் வீட்டுக்காரர் வேலைத்துணியை அங்கேயே மாற்றிவிட்டு வரட்டும், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

சூட்டைப் பற்றி நம் ஊர் ஆய்வே இருக்கிறது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017-க்கும் 2022-க்கும் இடையே தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். கடும் சூட்டில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவு ஷிப்டுக்கு டென்மார்க்கின் 2019 ஆய்வு: எட்டாவது வாரத்துக்குப் பிறகு, வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவு வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த வாரம் கலையும் அபாயம் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதல். எனவே முதல் மூன்று மாதம் பகல் ஷிப்ட் கேளுங்கள். மீன் கூடையைப் பாதியாகக் குறையுங்கள், கருவாட்டுக் களத்தில் உச்சி வெயிலில் நிற்காதீர்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டியதில்லை. முழு ஓய்வால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது, நாள்கூலி போவதுதான் மிச்சம்.

மருந்தை விட மலிவான ஒன்று இருக்கிறது, ஆனால் ஆதாரம் மெல்லியது. 1984-இல் நார்வேயில், காரணம் தெரியாமல் பலமுறை இழந்த பெண்களில் ஒரு சிறு குழுவினரை அடிக்கடி வரச்சொல்லிப் பரிசோதித்து, ஆறுதலாகப் பேசி அனுப்பினார்கள். அவர்களில் நூற்றுக்கு 86 பேருக்குக் கர்ப்பம் நிலைத்தது, அப்படிக் கவனிக்கப்படாதவர்களில் 33. சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை, ஆட்களும் குறைவு, ஆகவே எண்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஆறாவது வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு ஸ்கேன், ஒரே டாக்டர், கூட வரும் ஒரு ஆள், இதைக் கேட்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

அவசரமும் அதன் பிறகும்

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனையும் அளவுக்கு ரத்தம், மயக்கம், ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை முனையில் குத்தும் வலி, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் கசிவு: இவற்றில் எது வந்தாலும் மாத்திரையைத் தேடாமல் 108-ஐ அழையுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் நேரத்தில் ஷேர் ஆட்டோவை நம்பிக் கிளம்ப வேண்டாம். ரத்த வகை நெகட்டிவ் என்றால் போனதும் அதைச் சொல்லுங்கள், ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

கரு கலைந்தால் ஆறு வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருக்கும் உரிமை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஆறு வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. தரும். தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள் பலருக்கு இந்த விஷயமே சொல்லப்படுவதில்லை, இரண்டு நாள் கழித்து ஷிப்டுக்கு வந்து நிற்கிறார்கள். விண்ணப்பிக்கக் கர்ப்பம் இருந்ததற்கும் கலைந்ததற்கும் மருத்துவச் சான்று வேண்டும். தனியார் கிளினிக்கில் சுத்தம் செய்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை வாரக் கரு, என்ன தேதி, என்ன சிகிச்சை என்ற மூன்றும் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் திரும்பிப் போய் எழுதி வாங்குங்கள். அடுத்த கர்ப்பத்தில் எந்த வாரம் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்வதும் அதே சீட்டை வைத்துத்தான்.